குடிக்காதவரின் ஈரல்

அத்தியாயம் 9

"உங்க வீட்டுல யாராச்சும் குடிப்பாங்களாம்மா?"

சம்பந்தம் பேசிப் பூ வைத்த அன்று மாப்பிள்ளையின் அம்மா திலகம் கலாவதியிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். சமைக்கத் தெரியுமா, எதுவரை படித்தாய் என்றெல்லாம் கேட்கவில்லை. தலையில் மல்லிகையைச் சூட்டிவிட்டுக் காதோரம் குனிந்து இதை மட்டும் கேட்டார்.

புதியவர்கள் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் கலாவதி. அன்று மட்டும் முகத்தை நிமிர்த்திப் பதில் சொன்னாள்.

"இல்லீங்கத்தை. எங்கப்பா தொடவே மாட்டாரு."

அந்தப் பதில் மெய்யா பொய்யா என்று தெரிந்துகொள்ள, இன்று ஞாயிற்றுக்கிழமை, செரண்டாவிலிருந்து வருகிறார் திலகம். பொய் என்று தோன்றினால் பூ வைத்தபோது கொடுத்த பச்சைச் சேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். கலாவதியின் அப்பா நல்லசாமி ரம்பைத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். லைசென்சைப் புதுப்பிக்க உடம்பைக் காட்டப் போன இடத்தில், டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, இரத்தம் எடுத்து, கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் படம் பிடித்து வரச் சொன்னார். படத்தில் ஈரல் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. கொழுப்புப் படிந்திருக்கிறது என்றார்கள்.

கிள்ளானில் சொன்னது தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வந்து சேர்வதற்குள் சுருங்கிப்போனது. நல்லசாமிக்கு ஈரல் போச்சு. அவ்வளவுதான்.

ரம்பைத் தோட்டத்தில் ஈரல் கெட்டவர்கள் இதற்கு முன்னும் உண்டு. அத்தனை பேரும் கள்ளுக்கடைக்கோ சம்சு சாராயத்துக்கோ போய்வந்தவர்கள். ஈரல் என்றாலே குடி என்பது அங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே நல்லசாமியும் குடித்திருக்கிறார். ஊரை ஏமாற்றி, ஒளிந்து குடித்திருக்கிறார்.

அப்படி ஊர் பேசிய மனிதர் யார் தெரியுமா? அண்ணன் ஐயாவு சம்சு குடித்துச் செத்த வருஷம், மாரியம்மன் சந்நிதியில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, இனி இந்த நாக்கில் ஒரு சொட்டு படாது என்று சத்தியம் செய்தவர். சம்பள நாள் சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, லோரியைத் திருப்பிக்கொண்டு கள்ளுக்கடைப் பக்கம் போவார். கால்வாய் ஓரம் விழுந்து கிடக்கிறவர்களைத் தூக்கி ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "ஒண்ணும் கேக்காத தாயீ, காலையில பேசிக்கலாம்" என்று அவர்கள் பெண்டாட்டிகளிடம் சொல்லிவிட்டுப் போவார். அடி வாங்காமல் அந்த இரவைத் தாண்டிய பெண்கள் லயத்தில் பலர். அவர்களே இப்போது குழாயடியில் வேறு மாதிரி பேசினார்கள்.

* * *

காலையில் நல்லசாமி கோயிலுக்கு நடந்தே போனார். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். குலை அறுக்காமல், பல வருஷம் லோரி இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்ட உடம்பு மூச்சு வாங்கியது. ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கலாவதிக்கு இன்று வேலை இல்லை. கோயில் விளக்குக்கு எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு அவளும் உடன் போனாள்.

வாசுவின் தேத்தண்ணிக் கடையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"என்னண்ணே, போதை தெளிய நடக்கறீங்களா?"

நல்லசாமி நின்றார். கலாவதி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அப்பா கோபப்படவில்லை.

"போன மாசம் உன்னைத் தூக்கிட்டு வந்தப்ப நீ லோரியில வாந்தி எடுத்த இல்ல, அந்த வாடையே இன்னும் தெளியல தம்பி" என்றார். கடைக்குள் சிரிப்பு எழுந்தது. கேட்டவனும் சிரித்துவிட்டான்.

கடைக்காரர் வாசு மட்டும் சிரிக்கவில்லை. பழக்கத்தில் பெரிய எனாமல் கோப்பையைக் கையில் எடுத்துவிட்டு, நினைவு வந்து, திரும்ப மாட்டினார். அது நல்லசாமியின் கோப்பை. சத்தியம் செய்த மறுநாளிலிருந்து அவருக்கென்று ஒதுக்கியது. அடியில் மூன்று விரல் உயரம் சீனி போட்டுக் காய்ச்சிய கெட்டி டின்பால், அதன்மேல் தேத்தண்ணி. மற்றவன் கள்ளுக் குடிக்கிற நேரத்தில் மனுஷன் வாய் சும்மா இருக்கக் கூடாது என்று வாசு பாலைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுவார்.

வாசு மட்டுமா? கல்யாண வீடுகளில் பின்கட்டில் சாராயப் போத்தல் திறக்கும்போது, நல்லசாமிக்குத் தனியாக ஒரு ஜக்கு சிராப் வரும், சிவப்புச் சீனிப்பாகில் பாலும் ஐஸும் போட்டு. காதுகுத்தில் அவர் இலைக்கு மட்டும் இரண்டு கரண்டி பாயசம் கூடுதல். "சத்தியம் காக்கிறவருக்கு ஊத்துலா" என்று பந்தியிலிருந்து சத்தம் வரும். ஊர் அவரை மதித்தது. மதிப்பை எப்படிக் காட்டுவதென்று தெரியாமல் இனிப்பாக ஊற்றியது.

கோயிலில் அப்பளசாமி காத்திருந்தார். கோயில் தலைவர் அவர்தான். செரண்டா சம்பந்தத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். இரண்டும் ஒரே நேரத்தில் சிக்கலானதில் மனிதர் தூங்கவில்லை போலிருந்தது. வெள்ளிக்கிழமை திருவிழாக் காப்புக் கட்டு. வழக்கமாகக் காப்புக் கட்டிக் கரகம் எடுக்கிறவர் நல்லசாமி. இந்த வருஷம் வேறு ஆள் பார்க்கலாம் என்று கமிட்டியில் இரண்டு பேர் சொல்லிவிட்டார்களாம்.

"ஒண்ணே ஒண்ணு செய் தம்பி. மறுபடி கற்பூரத்தை அணைச்சு ஒரு வார்த்தை சொல்லிடு. ஊர் வாயும் அடங்கிடும், மதியம் வர்ற அம்மாவுக்கும் மனசு ஆறிடும்."

நல்லசாமி சந்நிதிப் பக்கம் திரும்பினார்.

"முதல்ல அணைச்சது செல்லாதுன்னா, ரெண்டாவது மட்டும் எப்படிண்ணே செல்லும்?"

"ஊருக்காகத்தான்லா."

"அன்னைக்கு நான் ஊருக்காகச் செய்யல."

அப்பளசாமிக்குக் கோபம் வந்தது. மகள் கல்யாணத்தைவிட வீம்பு பெரிதா என்று கேட்டார். நல்லசாமி மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. கலாவதி என்ன சொன்னாலும் அவர் செய்திருப்பார். அவள் ஒரு முறை தலையசைத்திருந்தால் போதும், அந்தக் கை கற்பூரத்தட்டுக்குப் போயிருக்கும்.

கலாவதி எண்ணெய்ப் போத்தலைத் திறந்து விளக்கில் ஊற்றினாள். சிந்தாமல் ஊற்றி, திரியைத் தூண்டிவிட்டு, "போகலாம்பா" என்றாள்.

* * *

மதியம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை சேது அம்மாவை இறக்கிவிட்டு ரம்புத்தான் மரத்தடியில் நின்றுகொண்டான். பூ வைத்ததற்கும் தாலிக்கும் இடையில் மாப்பிள்ளை பெண் வீட்டுப் படி ஏறக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கலாவதி திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். நல்ல முகம். தொழிற்சாலையில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை. சட்டைப் பித்தான்கள் வயிற்றின் மேல் இழுத்துப் பிடித்திருந்தன. வரும் வழியில் வாசு கடையில் வாங்கிய சிராப், பிளாஸ்டிக் பையில் ரப்பர் கட்டி, உறிஞ்சுகுழலோடு கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

திலகம் உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவருக்குத் துணையாக அப்பளசாமி இன்னொரு நாற்காலியில். கலாவதியின் அம்மா வேலம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

அப்பளசாமி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். கடையில் சீனி தட்டுப்பாடா என்று கேட்டார்.

"இனிமே இந்த வீட்டுல இப்படித்தாண்ணே. இனிப்பு வேணும்னா உங்க வீட்டுல போய்க் கலக்கிக்குங்க" என்றார் வேலம்மா.

திலகம் குவளையைத் தொடவில்லை. தேத்தண்ணி குடிக்க வரவில்லை என்று சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் தன் கதையைச் சொன்னார்.

அவர் புருஷன் சிவானந்தம் ஈயம் தோண்டும் குட்டையில் வேலை செய்த காலத்தில் குடித்தவர். சேதுவைப் பள்ளியில் சேர்த்த அன்று நிறுத்தினார். கற்பூரம் அணைத்தார், பிள்ளை தலையில் கை வைத்தும் சொன்னார். திலகம் நம்பினார். நல்ல வருஷங்கள் அவை. மனுஷன் நன்றாகச் சாப்பிட்டார், சதை போட்டார். பிறகு காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது, வயிறு வீங்கியது, கண் மஞ்சளித்தது. ஈரல் கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"கற்பூரமும் பொய்யி, புள்ள தலையும் பொய்யின்னு அன்னைக்குத் தெரிஞ்சிக்கிட்டேன். நான் குடிக்கல திலகம், நான் குடிக்கலன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு. சாகுற வரைக்கும் நான் அவருக்கு முகம் குடுத்துப் பேசல."

வெளியே சேது மரத்தில் சாய்ந்து சிராப்பை உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்டது.

"அதனால கற்பூரம் வேணாண்ணே. என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. குடிச்சீங்களா?"

நல்லசாமி அவர் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல தங்கச்சி."

"அவரும் இப்படித்தான் சொன்னாரு."

திலகத்தின் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. சேலையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

வேலம்மா அலமாரியிலிருந்து பையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். மடிப்புக் கலையாமல் பச்சைச் சேலை. பை மேலிருந்து கையை எடுக்காமலே பேசினார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க. அதுக்கு முன்ன வாசல்ல என் பூஞ்செடிங்கள ஒரு தடவை பாருங்க."

திலகம் பார்த்தார். வீட்டின் முகப்பு நெடுகிலும், படியிலும், வேலிக்கட்டையிலும், குழாயடி வரைக்கும் வரிசையாகச் செடிகள். பத்துமணிப்பூ, துளசி, குரோட்டன். ஒவ்வொன்றும் ஒரு காலி டின்பால் டப்பாவில். புதியவை பளபளத்தன. பழையவை துருவேறி மண்ணோடு மண்ணாகியிருந்தன. வருகிறவர்கள் எல்லாரும் செடி அழகு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். டப்பாவை யாரும் பார்த்ததில்லை.

"குடிகாரன் வீட்டுல போத்தல் சேரும். எங்க வீட்டுல சேர்ந்தது இதுதான். அத்தனையும் இவரு ஒருத்தர் வயித்துக்குள்ள போச்சு. நாந்தான் ஊத்திக் குடுத்தேன். சத்தியத்தைக் காப்பாத்துற மனுஷன், இதையாச்சும் வயிறாரக் குடிக்கட்டும்னு ஊத்தினேன்."

"டின்பால்ல ஈரல் கெட்டுப்போகுமா?" திலகத்தின் உதட்டில் ஒரு கசந்த சிரிப்பு வந்தது. "சொல்றதையாவது நம்புற மாதிரி சொல்லுங்க அண்ணி."

அப்போது திரை விலகியது.

கலாவதி வெளியே வந்தாள். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாத்தியார் எழுந்து நில் என்றால் காய்ச்சல் வந்துவிடுகிற பிள்ளை அவள். இப்போது கை இரண்டையும் பின்னால் கோர்த்துக்கொண்டு, திலகத்தின் எதிரே நின்றாள்.

அப்பாவோடு தானும் கிள்ளானுக்குப் போனபோது நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அங்கே பார்த்த டாக்டரம்மாவும் முதலில் நம்பவில்லை. எவ்வளவு குடிப்பீர்கள் என்று மாற்றி மாற்றி அப்பாவைக் கேட்டார். பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கலாவதியைத் தனியாகக் கேட்டார். அப்பா காலையில் என்ன குடிப்பார், லோரியில் எதை எடுத்துப் போவார், கல்யாண வீட்டில் என்ன கொடுப்பார்கள் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பாவின் இடுப்பை நாடாவால் அளந்தார். இரத்தத்தில் சீனி ஏறத் தொடங்கியிருக்கிறது, கொழுப்பும் கூடியிருக்கிறது என்று காட்டினார்.

"உடம்பு செலவு பண்ணாத சீனியெல்லாம் கொழுப்பா மாறி ஈரல்ல போய்ப் படியுமாம் அத்தை. வயிறு பெருத்தவங்களுக்கு, சீனி வியாதிக்காரங்களுக்கு வருமாம். அப்படியே விட்டா சில பேருக்கு ஈரல் கல்லு மாதிரி இறுகிடுமாம், குடிச்சவங்களுக்கு ஆகிற மாதிரியே. வாழ்நாள்ல ஒரு சொட்டு தொடாதவங்களுக்கும்."

"படத்துல தெரியாதா? குடிச்சது எது, குடிக்காதது எதுன்னு?" என்று கேட்டார் அப்பளசாமி.

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுமாம் மாமா. நானும் அதைத்தான் கேட்டேன். 'மெஷின் அதைச் சொல்லாதும்மா. அந்த மனுஷன் சொல்றதைக் கேட்டு நம்புறதுதான், வேற வழி இல்ல'ன்னாங்க. அப்புறம் அப்பாவ உள்ள கூப்பிட்டு, 'நான் உங்கள நம்புறேன்'னு சொன்னாங்க."

நல்லசாமி தலையைக் குனிந்துகொண்டார். அந்த அறையில் தான் அழுததை மகள் சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் பயம். அவள் சொல்லவில்லை.

வயிறு குறைந்தால் ஈரலும் தெளியும் என்று டாக்டரம்மா சொன்னதை மட்டும் சொன்னாள். நடை, சீனியைக் குறைப்பது, அவ்வளவுதான் மருந்து. அப்பா அன்றிலிருந்து கோப்பையைத் தொடவில்லை. ஊரே சிரிக்கிற சாலையில் தினமும் நடக்கிறார்.

திலகம் மடியில் இருந்த கைகளைக் கோர்த்துக்கொண்டார். மெல்லக் கேட்டார்.

"சீனி வியாதிக்காரங்களுக்குன்னு சொன்னியே..."

"அவங்களுக்குத்தான் அதிகமாம் அத்தை."

"கால் புண்ணு ஆறாம இருக்குமே, அந்தச் சீனி வியாதியா?"

"அதேதான் அத்தை."

வேலம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பையின் மேலிருந்த கை தானாக விலகியது.

"முன்ன குடிச்சவங்க..." திலகம் கலாவதியின் முகத்தையே பார்த்தார். "சின்ன வயசுல குடிச்சு, அப்புறம் நிறுத்தினவங்க. நெசமாவே நிறுத்தினவங்க. அவங்களுக்கும் இப்படி ஆகுமா?"

ஆகும் என்று சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லில் கல்யாணம் இருந்தது, அப்பாவின் மானம் இருந்தது. அப்பளசாமி கண்ணாலேயே சொல்லச் சொன்னார். கலாவதி அவர் பக்கம் பார்க்கவில்லை.

"அது எனக்குத் தெரியலத்தை. நான் டாக்டர்கிட்ட அதைக் கேக்கல."

அப்பளசாமி நெற்றியில் கை வைத்தார்.

திலகம் மட்டும் அந்தப் பெண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பூ வைத்த அன்று, காதோரம் கேட்ட கேள்விக்கு முகத்தை நிமிர்த்திப் பதில் சொன்ன அதே முகம். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்கிற முகம்.

அவர் எழுந்தார். நல்லசாமியும் எழுந்தார். வேலம்மா மேசைமேல் இருந்த பையை எடுக்கக் கை நீட்டினார், கொடுத்து அனுப்பிவிடலாம் என்று. கலாவதி அம்மாவின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து நிறுத்தினாள்.

திலகம் பையைப் பார்க்கவில்லை. படி இறங்கினார். டின்பால் டப்பாக்களின் வரிசை ஓரமாக, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே, மரத்தடிக்கு நடந்தார்.

என்ன ஆச்சும்மா என்று சேது கேட்டான். அவர் மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு இழுத்துப் பிடித்திருந்த சட்டைப் பித்தான்களைப் பார்த்தார். அப்பாவின் உடம்பு அப்படியே மகனுக்கு என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு.

அவன் கையிலிருந்த சிராப்புப் பையை வாங்கினார். ரப்பரை அவிழ்த்து, பையைத் தலைகீழாகப் பிடித்தார். சிவப்புத் தண்ணீர் மரத்தடி மண்ணில் விழுந்து பரவியது. கடைசிச் சொட்டுவரை பிடித்திருந்துவிட்டுக் காலிப் பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

சேது தாயின் கண்களைப் பார்த்துவிட்டு வண்டியை மிதித்தான்.

திலகம் பின்னால் ஏறி, மகனின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திருப்பி வாங்க வந்த பச்சைச் சேலை மேசைமேல் அப்படியே இருக்க, அவர் போய்விட்டார்.